இடமறிந்து முடிவெடுத்தல் – நிலவரைபட அறிவியல் ஓர் அறிமுகம்

முன்னுரை

திருவள்ளுவர் பொருட்பாலின் அரசியலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். செய்யத்தக்கதை ஆராய்ந்து, வலிமையை எடைபோட்டு, காலத்தை அறிந்து, இடத்தையும் அறிந்த பின்னரே செயலில் இறங்குதல் வேண்டும் என்பது அவ்வைப்புமுறை நமக்கு உணர்த்தும் பாடமாகும். அவர் போர்க்களத்தை முன்னிறுத்திக் கூறிய இடனறிதல், இன்று ஆட்சியாளர்க்கும் பொறியாளர்க்கும் மருத்துவர்க்கும் உழவர்க்கும் ஒருங்கே வேண்டப்படும் அறிவாக வளர்ந்துள்ளது. பள்ளிக்கூடத்தை எவ்வூரில் அமைப்பது, கிணற்றை எங்கே தோண்டுவது, சாலையை எவ்வழியே கொண்டுசெல்வது, வெள்ளம் வரும்போது எத்தெருவினரை முதலில் வெளியேற்றுவது என்பன போன்ற வினாக்கள் அனைத்தும் 'எங்கே' என்னும் ஒரு சொல்லையே மையமாகக் கொண்டவை.

இவ்வினாவுக்கு விடைகாண உதவும் துறையைப் புவித்தகவலியல் என்பர். நில அளவை, வரைபடக்கலை, செயற்கைக்கோள் வழித் தொலையுணர்வு, கணிப்பொறி வழிப் புவித்தகவல் முறைமை ஆகியவை கூடியது இத்துறை. இது திட்டமிடுதலுக்கு எங்ஙனம் துணைபுரிகிறது என்பதையும், வரைபடத்தில் ஓரிடத்துக்கு நாம் சூட்டும் பெயர் பிழைபட்டால் முடிவும் எங்ஙனம் பிழைபடுகிறது என்பதையும், இப்பணியில் தமிழ் பயில்வோர்க்குள்ள பங்கு யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இடமும் காலமும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மரம், விலங்கு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். நிலமும் பொழுதும் இன்றேல் கருப்பொருளுக்கு நிலைக்களன் இல்லை என்பது இதன் உட்கருத்து. கவிதைக்கு வகுக்கப்பெற்ற இவ்விலக்கணம், புவித்தகவலியலின் அடிப்படையை விளக்கவும் நமக்குக் கைகொடுக்கிறது.

'ஓர் ஊரில் இருபது பேருக்குக் காய்ச்சல்' என்பது ஒரு செய்தி. அந்த இருபது பேரும் எந்த வீடுகளில், எந்த வாரத்தில் நோயுற்றனர் என்பது தெரியவரும்போதுதான் அச்செய்தி தகவலாகிறது. இருபது வீடுகளும் ஒரே குடிநீர்க்குழாயின் வழியில் அமைந்திருப்பது தெரிந்துவிட்டால் அத்தகவல் முடிவாகிறது. ஒரு செய்தியோடு அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இட அளவுகளையும், நாள், நேரம் என்னும் கால அளவுகளையும் சேர்த்துக் கட்டிவைப்பதே புவித்தகவலியலின் முதற்படி. வெவ்வேறு அலுவலகங்களின் பதிவேடுகளில் தனித்தனியே உறங்கும் செய்திகளை இடம் என்னும் ஒரே நூலில் கோக்க முடிவது இதனாலேயாம்.

நிலமளந்தோர் வரலாறு

நிலத்தை அளந்து குறித்துவைத்த பின்னரே ஆட்சி செம்மையுறும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழக் கி.பி. 1001-ஆம் ஆண்டளவில், சோழநாட்டு நிலங்கள் அளக்கப்பட்டன. அளந்த கோல் உலகளந்த கோல் எனப்பட்டது. அளவைப் பணியை நடத்திய அதிகாரி உலகளந்தான் என்னும் சிறப்புப் பெயர் பெற்றார். வேலியின் மிகச்சிறு பின்னங்கள் வரையில் நிலத்தின் பரப்பைக் குறிக்கும் கல்வெட்டுகள், இறை விதித்தலுக்கு அளவை எத்துணை இன்றியமையாததாக இருந்தது என்பதற்குச் சான்றாக நிற்கின்றன.

அதே நூற்றாண்டில் அல்பிரூனி, இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா என்னும் கோட்டைப்பகுதியில் நின்று புவியின் ஆரத்தைக் கணித்தார். மலையின் உயரத்தையும், அதன் உச்சியினின்று நோக்கும்போது அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்னும் கோணத்தையும் மட்டுமே கொண்டு, பெருநிலப்பரப்பை நடந்து அளக்காமலே உலகின் அளவைக் கூறிய முறை அது.

அடுத்த நூற்றாண்டில், சிசிலித் தீவின் மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையிலிருந்த அல்இத்ரீசி, 1154-ஆம் ஆண்டில் உலக வரைபட நூலொன்றை நிறைவு செய்தார். எழுபது பகுதிப்படங்கள் கொண்ட அந்நூலில் தென்திசை மேற்புறமாக இருக்கும். இன்று நாம் வடதிசையை மேற்புறமாக வைப்பது வழக்கமேயன்றி இயற்கையன்று என்பதற்கு இதுவே போதிய சான்று. அல்இத்ரீசியிடம் நாம் கற்க வேண்டியது வேறொன்றும் உண்டு. பல நாடுகளைக் கண்டுவந்த பயணிகளை வினவி, அவர்தம் கூற்றுகள் ஒத்துவந்தவற்றை ஏற்று, முரண்பட்டவற்றை விலக்கியே அப்பணி நடைபெற்றது என அந்நூலின் முன்னுரை கூறுகிறது. கேட்டதையெல்லாம் வரையாமல், ஒப்பிட்டுத் தெளிந்த பின் வரைதல் என்னும் இந்நெறி பின்னர் நாம் காணவிருக்கும் செய்திகளுக்கெல்லாம் அடிப்படையாகும்.

நவீன நில அளவை நம் மண்ணிலேயே ஒரு பெருந்தொடக்கம் கண்டது. 1802 ஏப்ரல் 10 அன்று, சென்னைப் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுடைய அக்கோட்டை அளக்க 57 நாட்கள் ஆயின. இத்துணைப் பொறுமை எதற்கு என ஐயம் எழலாம். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டே அறியலாம். அவ்வாறு அறிந்த பக்கத்தின்மீது அடுத்த முக்கோணம், அதன்மீது மற்றொன்று என வலைபோலப் பின்னிக்கொண்டே செல்லலாம். ஆகவே முதற்கோட்டில் நேரும் சிறுபிழை நாடு முழுவதும் பெருகும். தென்கோடியிலிருந்து இமயம் வரை நீண்ட அப்பெரும்பணியின் கணக்குகளே பின்னர் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தையும் வெளிப்படுத்தின.

1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலின் விமானத்தின்மீது, அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமுற்றது. சமவெளியான தஞ்சைத் தரணியில் தொலைநோக்க அதனினும் உயர்ந்த இடம் கிடைக்கவில்லை. லாம்டன் அக்கருவியைத் தாமே பல வாரங்கள் உழைத்துச் செப்பனிட்டார். உலகளந்த கோலால் நிலம் அளந்த மன்னன் எடுப்பித்த விமானமே, எண்ணூறு ஆண்டுகட்குப் பின் வேறோர் அளவைக்கும் மேடையாயிற்று என்பது எண்ணி மகிழத்தக்கது.

விண்ணிலிருந்து நோக்குதல்

நடந்தும் ஏறியும் அளந்த பணியைச் செயற்கைக்கோள் விரைவுபடுத்தியது. பொருள் ஒவ்வொன்றும் கதிரவன் ஒளியைத் தனக்கேயுரிய முறையில் திருப்பி அனுப்புகிறது. செழிப்பான இலை, நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்புகிறது. நோயுற்ற இலை குறைவாகத் திருப்புகிறது. நீர்நிலையோ அதனைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. இவ்வேறுபாட்டைப் பதிவு செய்து நிலத்தின் தன்மையை உணர்வதே தொலையுணர்வு எனப்படும்.

இந்தியாவில் இம்முயற்சி 1970-ஆம் ஆண்டளவில், கேரளத் தென்னந்தோப்புகளில் வேர்வாடல் நோயை வானூர்தியிலிருந்து அகச்சிவப்புப் படங்களால் ஆராய்ந்ததில் தொடங்கியது. அறிவியலறிஞர் பிஷாரடி அவ்வாய்வுக்குத் தலைமை தாங்கினார். 1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ். 1ஏ என்னும் நமது முதல் முழுப்பயன்பாட்டுத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அது 22 நாட்களுக்கொருமுறை அதே இடத்தை மீண்டும் நோக்கியது. அதன் நுண்ணிய கருவிக்கும் ஏறத்தாழ 36 மீட்டருக்குக் குறைந்த பொருள் தனியே தெரியாது. 2005-இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 இரண்டரை மீட்டர் நுட்பத்தில் நிலத்தின் மேடுபள்ளங்களையும் காட்டியது. இன்று அதனினும் நுட்பமான படங்கள் கிடைக்கின்றன. ஒரே இடத்தின் பல ஆண்டுப் படங்களை அருகருகே வைத்து நோக்கினால், ஏரி சுருங்கியதும் நகரம் பெருகியதும் கண்கூடாகும். தொலையுணர்வின் தனிச்சிறப்பு இக்கால ஒப்பீடேயாம்.

அடுக்குகளாக அமையும் அறிவு

இவ்வாறு திரண்ட செய்திகளை ஒழுங்குபடுத்துவது புவித்தகவல் முறைமை. 1960-களில் கனடா நாட்டில், பரந்த நிலவளத்தைக் கணக்கெடுக்க ரோஜர் டாம்லின்சன் உருவாக்கிய கணிப்பொறி முறையே இதன் முன்னோடி. கண்ணாடித் தாள்கள் பலவற்றில் ஒரே ஊரின் வரைபடத்தை வரைவதாக எண்ணிக்கொள்வோம். ஒன்றில் வீடுகள், ஒன்றில் சாலைகள், ஒன்றில் நீர்நிலைகள், ஒன்றில் மண்வகை. அத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒளியில் பிடித்தால் தனித்தனியே தெரியாத உறவுகள் புலப்படும். கணிப்பொறி இவ்வடுக்குகளை நூற்றுக்கணக்கில் வைத்து நொடிப்பொழுதில் ஒப்பிடுகிறது. அடுக்குகளில் கிணறு போன்றவை புள்ளியாகவும், சாலை, ஓடை போன்றவை கோடாகவும், வயல், ஏரி போன்றவை பரப்பாகவும் குறிக்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவோம். நிலத்தடிநீர் பல இடங்களில் உவர்ப்பாக உள்ள இராமநாதபுரம் போன்ற மாவட்டத்தில், மழைநீரைத் தேக்கும் ஊரணிகளே நெடுங்காலம் குடிநீர் தந்துள்ளன. நூறு ஊரணிகளுள் பத்தினை மட்டுமே தூர்வார நிதி உள்ளது எனக் கொள்வோம். எந்தப் பத்து என்பதே வினா.

முதல் அடுக்கில் நூறு ஊரணிகளும் குறிக்கப்படுகின்றன. இரண்டாம் அடுக்காக நில உயரத்தை வைத்தால் எந்த ஊரணிக்கு எவ்வளவு பரப்பிலிருந்து மழைநீர் வரும் என்பது தெரியும். நீர்வரத்துக் குறைந்தவற்றை ஒதுக்கலாம். மூன்றாம் அடுக்கான மண்வகை, நீரைத் தேக்கும் களிமண் எங்குள்ளது, உறிஞ்சிவிடும் மணல் எங்குள்ளது என்பதைக் காட்டும். நான்காம் அடுக்கான குடியிருப்பைக் கொண்டு, ஊரணியிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் வாழும் குடும்பங்களை எண்ணலாம். ஐந்தாம் அடுக்கில் குழாய்நீர் சென்று சேராத தெருக்கள் உள்ளன. ஐந்தையும் ஒருங்கே நோக்கும்போது நூறு என்பது பதினைந்தாகவோ இருபதாகவோ சுருங்கும்.

இங்குத்தான் கணிப்பொறியின் பணி முடிந்து மனிதர் பணி தொடங்குகிறது. அந்தப் பதினைந்து ஊரணிகளுக்கும் நேரில் சென்றால், 'புதுச்சாலை போட்டபோது பாலம் வைக்காமல் விட்டுவிட்டார்கள். வரத்துக்கால் அடைபட்டு இரண்டு மழைக்காலம் ஆயிற்று' என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கூறக்கூடும். அவ்வொரு சொல் ஐந்து அடுக்குகளும் காட்டாத உண்மையாக இருக்கலாம். அதையும் ஆறாம் அடுக்காகச் சேர்த்த பின்னரே முடிவு முழுமையுறும். இதனை நில அளவையாளர் களச்சரிபார்ப்பு என்பர்.

பிராட் தெருக் கைப்பம்பு

வரைபடமும் கள ஆய்வும் இணைந்தால் உயிர்காக்கும் முடிவு பிறக்கும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 1854 ஆகஸ்டு இறுதியில் லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா கடுமையாகப் பரவியது. சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கெட்ட காற்றே காலராவுக்குக் காரணம் என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் மட்டும் குடிநீரையே ஐயுற்றார். இறந்தோர் வீடுகளை அவர் விசாரித்தபோது, அவர்களுள் பெரும்பாலோர் பிராட் தெருவின் கைப்பம்பை அடுத்து வாழ்ந்தவர்கள் எனத் தெரிந்தது.

ஆயினும் சில செய்திகள் பொருந்தாமல் நின்றன. அருகிலிருந்த ஏழையர் இல்லமொன்றில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தும் ஐவரே இறந்திருந்தனர். விசாரித்தபோது அவ்வில்லத்துக்குத் தனிக்கிணறு இருந்தது தெரியவந்தது. மறுபுறம், தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட் பகுதியில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரும் காலராவால் இறந்திருந்தார். அவர் பிராட் தெரு நீரின் சுவையை விரும்பி, அதனை நாள்தோறும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர் என்பது வீட்டாரிடம் கேட்ட பின்னரே விளங்கியது. முரண்போலத் தோன்றிய இவ்விரண்டுமே ஸ்நோவின் கருத்துக்கு வலுவான சான்றுகளாயின.

செப்டம்பர் 7 அன்று அவர் ஊர்க்குழுவினரிடம் முறையிட்டார். மறுநாள் பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. அவ்வேளையில் நோய் ஓரளவு தணியத் தொடங்கியிருந்தது என்பதையும், புகழ்பெற்ற அவ்வரைபடம் கைப்பிடி அகற்றப்பட்ட பின்னரே நிறைவான வடிவம் பெற்றது என்பதையும் நாம் மறைத்தல் கூடாது. அதன் பயன் அதனால் குறைந்துவிடவில்லை. வாதத்தால் நம்பாதோரையும் நம்பவைக்கும் ஆற்றல் அவ்வரைபடத்துக்கு இருந்தது. புள்ளிகள் வினாவை எழுப்பின. வீடு வீடாகச் சென்று கேட்ட விசாரணை விடையைத் தந்தது.

பேரிடர் வேளையில்

நேரம் மிகக் குறைவாக உள்ளபோது முன்கூட்டியே வரைந்துவைத்த படமே கைகொடுக்கும். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபர் 12 அன்று அதே கடற்கரையைப் பைலின் புயல் தாக்கியபோது, முன்னதாகவே ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு ஐம்பதுக்குள் அடங்கியது. செம்மையான புயல் முன்னறிவிப்பும், புயற்காப்பகங்களும், ஊர்தோறும் பயிற்சி பெற்ற தொண்டர்களும் இம்மாற்றத்துக்குக் காரணம். எவ்வூர் தாழ்நிலம், கடல்நீர் எதுவரை ஏறக்கூடும், எந்தக் காப்பகத்துக்கு எச்சாலை வழியே செல்வது என்னும் இடவறிவு இவை அனைத்தையும் இணைத்தது.

நம் கடற்கரையும் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்தே கற்றது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று; ஆயினும் இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு ஏதும் அன்று இல்லை. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. கடலடியில் எங்கெங்கே எவ்வளவு வலிமையுடன் நிலம் நடுங்கினால் எக்கரைக்கு எவ்வளவு உயரத்தில் அலை வரும் என்பதை அது முன்னரே கணித்து வைத்துள்ளது. நடுக்கம் நேர்ந்தவுடன் அதற்கு ஒத்த கணிப்பைத் தேர்ந்து எச்சரிக்கை விடுக்கிறது.

ஒரு சொல் செய்த வினை

இதுகாறும் வரைபடத்தின் நற்பயன்களைக் கண்டோம். அதே வரைபடம் தீங்குக்கும் துணைபோகக்கூடும் என்பதைத் தென்சென்னையின் பள்ளிக்கரணை நமக்குக் காட்டுகிறது.

சுற்றிலுமுள்ள பல ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் தாழ்நிலம் அது. மழைக்காலத்தில் பெருகும் நீரைத் தாங்கி வைத்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயிலும், பின்னர்க் கோவளம் முகத்துவாரத்திலும் மெல்ல மெல்ல விடுவது அதன் இயல்பு. வலசை வரும் பறவைகளுக்கு அது தங்குமிடம். இத்தகைய நிலத்தை நம் மக்கள் கழிவெளி என்று வழங்கினர். கழியின் நீர் பரந்து நிற்கும் வெளி என்னும் அப்பெயரிலேயே அதன் பணி விளங்குகிறது.

அரசுப் பதிவேடுகளிலோ அது நெடுங்காலம் தரிசு என்னும் வகையில் வைக்கப்பட்டிருந்தது. உழவுக்கு உதவாதது, ஆகவே வரி தராதது, ஆகவே பயனற்றது என்னும் வருவாய்த்துறைக் கணக்கின் பார்வை அது. பயனற்ற நிலம் என எழுதப்பட்ட பின், குப்பை கொட்ட இடம் தேடியோர்க்கும், கட்டடம் எழுப்ப இடம் தேடியோர்க்கும் அதுவே தக்க இடமாகத் தோன்றியதில் வியப்பில்லை. குப்பைமேடும், சாலைகளும், அலுவலகங்களும், குடியிருப்புகளும் அதன்மேல் எழுந்தன. வரைபடத்தை நோக்கி முடிவெடுத்த அலுவலர் பலர் விதியை மீறவில்லை. வரைபடம் கூறிய சொல்லை நம்பினர். அச்சொல்லே பிழையாக இருந்தது.

2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, இச்சதுப்பு நிலத்தைச் சூழ்ந்த பகுதிகளும் நீரில் மிதந்தன. நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது என மக்கள் பேசிக்கொண்டனர். 2007-இலேயே சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு, ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. நிலம் மாறவில்லை, அதனைக் குறிக்கும் சொல் மாறியது. சொல் மாறியதும் சட்டம் காவலாக வந்தது. அம்மாற்றம் வருமுன் இழந்த பரப்போ மிகப்பெரிது.

வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்

ஆகவே வரைபடத்தைப் பயன்படுத்துவோர் மூன்று செய்திகளை மறவாதிருத்தல் வேண்டும்.

முதலாவது, அளவுவிகிதம். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்னும் விகிதத்தில் அமைந்த நிலப்படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடே 25 மீட்டரை மறைத்துவிடும். அத்தகைய படத்தை விரித்து வைத்து இரு வீட்டார்க்கிடையே வேலித் தகராறு தீர்க்க முயல்வது பேதைமை. அதற்கு உரியது புல எண் வாரியான புலப்படமே.

இரண்டாவது, அடிப்படை. பழைய இந்திய நிலப்படங்கள் எவரெஸ்ட் பெயரால் வழங்கும் புவியுருவக் கணக்கின்மீது வரையப்பட்டவை. நம் கைப்பேசியின் இடங்காட்டியோ வேறொரு கணக்கைப் பின்பற்றுகிறது. இவ்வேறுபாட்டைச் சரிசெய்யாமல் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், இடம் நூறு மீட்டர் அளவில் விலகி நிற்கும். ஒருவர் கிணறு மற்றவர் வயலில் தோன்றும்.

மூன்றாவது, காலமும் வகைப்பாடும். படம் எந்த ஆண்டினது, நிலத்தை இன்ன வகை என எழுதியவர் எந்நோக்கில் எழுதினார் என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் கண்மாய் வெற்று நிலமாகவே தோன்றும். வண்ணமும் வழவழப்பும் கொண்ட படம் உண்மையாகவே இருக்கும் என்னும் மயக்கம் கற்றோரையும் விடுவதில்லை.

தமிழ் பயில்வோர் பங்கு

அறிவியல் மாணவர்க்குரிய இப்பொருள் தமிழ்த்துறை மலரில் எதற்கு என எவரேனும் வினவலாம். பள்ளிக்கரணையின் கதையே அதற்கு விடை. நிலத்துக்குப் பெயரிடுவது மொழியின் பணி. பெயரின் பொருளைக் காத்து வைத்திருப்பது மொழி பயில்வோர் கடமை.

ஏரி, குளம், கண்மாய், ஊரணி, ஏந்தல், தாங்கல், மடு, ஓடை, கழி, கயம், இலஞ்சி என நீர்நிலைக்குத் தமிழில் எத்துணைப் பெயர்கள்! ஒவ்வொன்றும் அளவாலோ, நீர் வரும் முறையாலோ, பயனாலோ ஒரு வேறுபாட்டைக் குறிப்பது. இவையனைத்தையும் 'நீர்நிலை' என்னும் ஒரே வண்ணத்தால் நிரப்பிவிடும் வரைபடம் பெரும் அறிவொன்றை இழந்துவிடுகிறது. ரா.பி. சேதுப்பிள்ளை அவர்கள் 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூலில் ஊர்ப்பெயர்களில் உறைந்துள்ள நில இயல்பை விரித்துரைத்துள்ளார். பழவந்தாங்கல் என்னும் பெயரில் ஒரு தாங்கல் இன்றும் வாழ்கிறது. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சி என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயருடைய சாலை உள்ளது; ஏரியோ அங்கில்லை. பெயர் மட்டும் நின்று, ஒருகாலத்தில் இங்கு நீர் நின்றது எனச் சான்று பகர்கிறது. இத்தகைய பெயர்களைத் தொகுத்து வரைபடத்தில் ஓர் அடுக்காகச் சேர்த்தால், வீட்டுமனை வாங்குவோர்க்கும் நகரமைப்போர்க்கும் அது சிறந்த எச்சரிக்கையாகும்.

இதற்குப் பெரும்பொருட்செலவு வேண்டியதில்லை. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009-இல் தொடங்கிய புவன் தளத்தில் செயற்கைக்கோள் படங்களைக் காணலாம். கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பட்டா, புலப்பட விவரங்களைத் தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவையில் பார்வையிடலாம். வரைபடம் உருவாக்குவதில் முன்பிருந்த கட்டுப்பாடுகள் பலவற்றை நடுவணரசு 2021 பிப்ரவரியில் தளர்த்தியது. எஞ்சியிருப்பது நம் உழைப்பே.

ஒவ்வொரு மாணவரும் விடுமுறையில் தம் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு ஒருநாள் நடந்துவரட்டும். குளம் எதுவரை இருந்தது, வரத்துக்கால் எவ்வழியே வந்தது, வெள்ளம் எந்தத் திண்ணை வரை ஏறியது, மந்தைவெளி, இடுகாடு, கபரஸ்தான், பொதுக்கிணறு ஆகியவற்றின் பழைய எல்லை எது என்பனவற்றைக் கேட்டுக் குறிக்கட்டும். அல்இத்ரீசி செய்தது போன்று, ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிட்டு, ஒத்துவந்ததை மட்டும் வரையட்டும். எண்பதாண்டு வாழ்ந்தவர் நினைவில் உள்ள ஊர், அவரோடு மறைந்துவிடுமுன் தாளில் ஏறுதல் வேண்டும்.

முடிவுரை

அளவுகோலும் கோணமானியும் செயற்கைக்கோளும் கணிப்பொறியும் நமக்குத் தந்திருப்பது கூர்மையான பார்வை. சிதறிக்கிடந்த செய்திகளை இடம் என்னும் ஒன்றில் இணைத்து, பல வழிகளுள் தக்கதைத் தேர இப்பார்வை உதவுகிறது. முடிவெடுக்கும் பொறுப்போ மனிதருடையது. வரைபடத்தில் உள்ளதை வைத்தே திட்டம் தீட்டப்படுகிறது. வரைபடத்தில் இல்லாத ஊரணிக்கு நிதியும் இல்லை, காவலும் இல்லை. எனவே வரைபடத்தில் எது இடம்பெறுகிறது, எச்சொல்லால் இடம்பெறுகிறது என்பதில் ஊரறிந்தோரும் மொழியறிந்தோரும் கருத்துச் செலுத்துதல் வேண்டும். கழிவெளியைக் கழிவெளி என்றே எழுதியிருந்தால் தென்சென்னை பல துயரங்களைத் தவிர்த்திருக்கக்கூடும். நம் ஊரின் நிலத்துக்கும் நீருக்கும் உரிய சொல்லை உரிய இடத்தில் எழுதிவைப்போமாக.